ஒரே பேழையில் இருவகைப் பாம்புகள் – ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனம் ஒவ்வாதாரோடு கூடி வாழ்வதன் இடரை விளக்க வந்த வள்ளுவர், உட்பகை பற்றிய அதிகாரத்தில், ஒரு சிறுகுடிலிற் பாம்போடு தங்குதலை உவமையாக்கினார். அவ்வுவமையில் அஞ்சுபவன் மனிதன். அச்சத்துக்குக் காரணம் பாம்பு. குடிலுள் அகப்பட்ட பாம்பின் நிலை யாதென்னும் வினா அங்கு எழவில்லை, எழவேண்டிய தேவையுமில்லை. ஆனால், பாம்பைச் செல்லப் பிராணியாகக் கண்ணாடிப் பேழையில் வளர்க்கும் வழக்கம் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் வேரூன்றிவிட்ட இக்காலத்தில் அவ்வினா எழுந்தே தீரும். இங்கு குடிலை அமைப்பவன் மனிதன். அதனுள் எவையெவை கூடி உறைவதென முடிவு செய்பவனும் அவனே. வெவ்வேறு இனப் பாம்புகளை ஒரே பேழையில் இடுதல் தகுமா என்பது வளர்ப்போரிடையே நிலவும் ஒரு வாதம். இதனை வெறும் பராமரிப்பு நுட்பமெனக் கருதி விலங்கியலாளரிடம் ஒப்படைத்துவிட்டு மெய்யியல் மாணவர் ஒதுங்கிவிட முடியாது.

சில சேர்க்கைகள் பற்றி வாதத்துக்கே இடமில்லை. வட அமெரிக்காவில் 'அரசப் பாம்பு' எனப் பெயர் பெற்ற இனம், நச்சுப் பாம்புகள் உட்படப் பிற பாம்புகளைப் பிடித்து உண்பது. அதனருகே வேறொரு பாம்பை இடுபவர் இரையை இடுகின்றார், அவ்வளவே. சிந்தனைக்குரியது அமைதியான சேர்க்கையாகும். சோளப்பாம்பையும் பந்து மலைப்பாம்பையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நஞ்சற்றவை, சாதுவானவை, கையாளுதற்கு எளியவை. ஆதலின் வளர்ப்போர் பெரிதும் விரும்புபவை. முன்னையது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரியது; மரமேறுவதில் வல்லது. பின்னையது மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்குரியது. பகற்பொழுதைக் கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிப்பது. அஞ்சியவிடத்துத் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்வதால் அப்பெயர் பெற்றது. இவ்விரண்டையும் ஒரே பேழையில் வைத்திருப்பவர் கூறும் நியாயம் எளிமையானது: அவை சண்டையிடுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு படுத்துக்கொள்கின்றன, ஆகவே அவை நட்பாக இருக்கின்றன.

இக்கூற்றின் முற்பகுதி காட்சி, பிற்பகுதி கற்பனை. பாம்புக்கு வலியால் அலறும் குரலில்லை. மூடித் திறக்கும் இமையில்லை. துயரைக் காட்டும் முகமில்லை. நாயின் வாலும் பூனையின் செவியும் புலப்படுத்துவனவற்றைப் பாம்பின் உடல் புலப்படுத்துவதில்லை. உணவை மறுத்தலும் ஒளிந்து கிடத்தலுமே பெரும்பாலும் அதன் முறையீடு. பந்து மலைப்பாம்போ இயல்பாகவே மாதக்கணக்கில் உண்ணாதிருக்க வல்லது. எனவே அம்முறையீடும் கேட்கப்படாமற் போகின்றது. இரண்டும் ஓரிடத்திற் சுருண்டு கிடப்பதற்கும் நட்பைத் தேடி அலையவேண்டியதில்லை. பாம்பு பொதுவாகத் தன் உடல் வெப்பத்தைப் புறத்திலிருந்தே பெறவேண்டிய பிராணி. பேழையில் வெப்பமான மூலை ஒன்று. நல்ல மறைவிடம் ஒன்று. கடித்துக் கலகஞ் செய்யும் இயல்பில்லாத இரு பிராணிகள் அந்த ஒன்றையே நாடும்போது, போட்டி அணைப்பாகத் தோற்றுகின்றது. ஒன்று நல்லிடத்தைப் பற்றிக்கொள்ள மற்றது குளிர்ந்த மூலைக்கு ஒதுங்குவதும் உண்டு. 'அஃது அங்கிருப்பதையே விரும்புகின்றது' என்னும் விளக்கம் அதற்கும் ஆயத்தமாயிருக்கும்! மேலும், பாம்பு தன் நாவினால் மணத்தைத் திரட்டி, அண்ணத்திலுள்ள யாக்கோப்சன் அங்கத்தின் உதவியால் அதனை அறிவது. கண்ணுக்கு மறைந்தாலும் மற்றதன் மணத்திலிருந்து அதற்கு மறைவில்லை.

இனி, ஒரே இடத்தை இரண்டுக்கும் சமமாக அளித்துவிட்டதாக எண்ணுவாருமுளர். சோளப்பாம்பின் பேழையில் வெப்பமான முனை ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியசு வரை இருத்தல் போதும். பந்து மலைப்பாம்புக்கு 31 முதல் 33 பாகை வரையும், அதனோடு கூடிய ஈரப்பதனும் வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஓரளவைத் தெரிந்தவர் நடுநிலை வகித்ததாக மனநிறைவு கொள்ளக்கூடும். உண்மையில் அவர் இரண்டுக்கும் வேண்டாத ஒன்றை இரண்டுக்கும் வழங்கியுள்ளார். சமமல்லாதார்க்குச் சமமாகப் பங்கிடுதல் நீதியாகாது என்னும் கருத்தை அரிஸ்டோற்றில் தகுதி பற்றிய ஆய்விலே கூறினார்; அது தேவைக்கும் பொருந்துவதே. அளவுகோல் ஒன்றாயிருப்பதனாலேயே நீதி பிறந்துவிடும் என்ற நம்பிக்கை மனிதரிடையேயும் எத்துணைத் தீங்கு விளைத்தது என்பதை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

பகையே இல்லாதவிடத்தும் தீங்கு நிகழலாம் என்பதற்கு நோய் தக்க சான்று. போவாக்களையும் மலைப்பாம்புகளையும் பற்றும் ஒரு கொடிய நோயோடு அரினா வைரசுகளுக்குள்ள தொடர்பு 2012இல் வெளிப்பட்டது. போவா அவ்வைரசை நோய்க்குறி எதுவுமின்றி நெடுங்காலம் சுமந்திருக்கக்கூடும். மலைப்பாம்பிலோ அந்நோய் நரம்புத்தொகுதியைத் தாக்கி விரைவில் உயிரைக் கவர்கின்றது. இங்கு கடியுமில்லை, சீற்றமுமில்லை. போவாவைக் குற்றவாளியென எவரும் கூறார். எனினும் ஓர் உயிர் மாய்ந்தது; அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் உளரெனின், அவர் பேழைக்கு வெளியே நிற்பவரே.

இவ்விடத்து ஒரு தடை எழும். பாம்புகள் இயற்கையிற் கூடி வாழ்வதில்லையா? பாம்பு தனிமை விரும்பி என ஒரே சொல்லில் முடிப்போர் மிகைப்படக் கூறுகின்றனர் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் நார்சிஸ் என்னுமிடத்துச் சுண்ணக்கற் குழிகளிலே கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கிற் கூடிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கார்ட்டர் பாம்புகள் யாவற்றோடும் ஒருபடித்தாகக் கூடாது, குறிப்பிட்ட சிலவற்றைத் தெரிந்து அவற்றோடு மீண்டும் மீண்டும் சேர்கின்றன எனக் கனடிய ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. ஆயின் இச்சான்று பேழைக்காரருக்குத் துணைநிற்குமா? அப்பாம்புகள் தம்மினத்தோடு கூடுகின்றன, தெரிந்து கூடுகின்றன, வேனில் பிறந்ததும் குழியை நீங்கிப் பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள சதுப்பு நிலங்களுக்குச் செல்கின்றன. விலகிச் செல்லும் வழி திறந்திருக்கும்போதே கூடியிருத்தலை விருப்பமெனக் கொள்ளலாம். கண்ணாடிக்குள் அவ்வழி இல்லை. அங்கு நிகழ்வதை ஒற்றுமை எனல் அச்சொல்லையே இழிவுபடுத்துவதாகும்.

பாம்பு உண்மையிலே துன்புறுகின்றதென எவர் நிறுவினார் என்பது கடைசி அரண். வௌவாலின் அகவனுபவத்தை மனிதன் அதன் நிலையினின்று அறியமுடியாமையை மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1974இல் வாதித்தார். பாம்பு வௌவாலினும் தொலைவானது. ஆனால் அறியாமை எவர் பக்கம் சாயவேண்டும்? சேர்த்து வைப்பதால் ஒரு பேழையின் விலை மிஞ்சுகின்றது. அறையில் இடம் மிஞ்சுகின்றது. காண்போர் கண்ணுக்கு விருந்தும் கிடைக்கின்றது. இவையனைத்தும் மனிதனுக்கே. இடர் முழுவதும் பாம்புக்கே. நன்மையைப் பெறுபவர் நிறுவும் பொறுப்பையும் ஏற்றல் முறை. விலங்கு பகுத்தறியுமா, பேசுமா என்பதன்று, அது துன்புறுமா என்பதே வினா என 1789இல் வெளியான நூலிற் பெந்தாம் சுட்டினார். பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஒரு படி மேற்சென்று, பிற விலங்குகளோடு சேர்ந்தோ அவற்றைப் பிரிந்தோ வாழவேண்டிய தேவையைப் பொறுப்பாளர் கவனிக்கவேண்டிய தேவைகளுள் ஒன்றாக வைத்தது. துணையைப் போலவே தனிமையும் ஒரு தேவையாக ஏட்டில் ஏறியமை சிறிய செய்தியன்று.

பேழையே தவறாயின் அதனுள் எத்தனை பாம்புகள் என்னும் ஆராய்ச்சி எதற்கு என்பார் கூற்றிலும் நியாயமுண்டு. எனினும் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பிற் பிறந்த பாம்புகளை வெளியே விட்டுவிடுதல் விடையாகாது. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகி அங்குள்ள பாலூட்டிகளை அருகச் செய்த பர்மிய மலைப்பாம்புகளே அதற்குச் சான்று. பெரிய வினா தீரும்வரை சிறிய வினா காத்திராது. பந்து மலைப்பாம்பு வளர்ப்பிலே முப்பது ஆண்டுகளும் வாழவல்லது. அத்தனை ஆண்டுகளும் அது தன் வெப்பத்தையும் மறைவிடத்தையும் வேறொன்றோடு பகிரவேண்டுமா என்பது, பெரும்பாலும், இரண்டாவது பாம்பை வாங்கச் செல்லும் ஒரு மாலைப்பொழுதிலே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.