படிவம் 3

1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை வாசித்தால் அடுத்த பக்கம் புரட்டக் கை வராது. பிறப்பு என்றால் உயிரோடு பிறப்பதும் உயிரில்லாமல் பிறப்பதும். இறப்பு என்றால் உயிரோடு பிறந்த பிறகு உயிர் போவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வயிற்றிலேயே உயிர் போய் வெளியே வந்த குழந்தை சட்டத்தின் கணக்கில் பிறந்ததுதான், இறந்தது ஆகாது. பிறப்பைத் தெரிவிக்கப் படிவம் 1, இறப்புக்குப் படிவம் 2. இந்தக் குழந்தைகளுக்கென்று படிவம் 3, தனிப் பதிவேடு. கர்ப்பம் 28 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். 21 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு.

என் தங்கைக்கு நடக்கும்வரை இதில் ஒரு வரியும் எனக்குத் தெரியாது. எங்களுக்கு முசிறி. மாப்பிள்ளைக்குக் கோரை வியாபாரம், அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டாம் மாதக் கடைசியில், "அசைவு கம்மியா இருக்குண்ணே" என்றாள். உள்ளூரில் பார்த்துவிட்டு உடனே திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. வலிக்கு மருந்து கொடுத்து, மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. முடி நிறைய இருந்தது. எங்கள் அம்மாவின் நெற்றி.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் அவள்மேல் இருந்த அக்கறையில்தான் செய்தார்கள். முகத்தைக் காட்ட வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள். வீட்டில் வாங்கி வைத்திருந்த சின்னச் சட்டைகளை அவள் வருவதற்குள் அப்புறப்படுத்தினார்கள். "செத்துப் பொறந்துச்சுன்னு வெளிய சொல்லிட்டிருக்காதீங்க, கலைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்றார் ஒரு பெரியம்மா. பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பால் வற்றுவதற்கு மல்லிகை உதவுகிறதா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1980களில் ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் குழந்தைகளை எரிப்பதில்லை. மாப்பிள்ளையும் நானும் இன்னும் இரண்டு பேருமாக அடக்கம் செய்துவிட்டு, ஆற்றில் குளித்துவிட்டு வந்தோம். காரியம் எதுவும் கிடையாது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

அந்த நாட்களில் அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள், மருத்துவமனையில் பதிவு வேலை பார்த்த பெண்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கேட்டார். ஆணா, பெண்ணா? பிறந்த தேதி? அப்பா பெயர், அம்மா பெயர்? அம்மாவுக்கு என்ன வயது, எதுவரை படித்திருக்கிறார், சொந்த ஊர் எது? எத்தனை வாரம்? காரணத்தை டாக்டர் குறிப்பில் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். குரலில் இரக்கம் என்று எதையும் காட்டவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனால் கேட்பார்களே, அந்தக் குரல். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உறவும் ஊரும் கேட்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்ட கேள்விகளை, அரசாங்கம் வேறு ஏதோ காரணத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்லச் சொல்ல, தொட்டிலும் காது குத்துக்கு மடியும் கொடுக்க வேண்டிய மாமன் நான் என்பது எனக்கே உறைத்தது.

பெயர் என்று ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படிவம் 3இல் குழந்தையின் பெயருக்குக் கட்டம் கிடையாது.

அந்த வேறு காரணம் என்ன? இரண்டு. ஒன்று சந்தேகம். பெற்ற குழந்தையைக் கொன்றுவிட்டு, செத்துப் பிறந்தது என்று புதைத்துவிடுவார்களோ என்ற பயம் ஆட்சியாளர்களுக்குப் பழையது. இங்கிலாந்தில் 1927இல் இறந்து பிறந்தவர்களைப் பதியத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தப் பயமும் உண்டு. நம் ஊரில் குழந்தையின் உடலை ரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைப்பது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 318, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 94ஆம் பிரிவு. பிறக்கும் முன்பே இறந்திருந்தாலும் அதே தண்டனை என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மறைத்தால் குழந்தை, சொத்து என்று வந்தால் குழந்தை இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு, உயிரோடு பிறந்தால்.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2021இல் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன, அதில் இந்தியாவில் 2.8 லட்சத்துக்கும் மேல் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. உலக அளவில் ஐந்தில் இரண்டுக்கு மேல், பிரசவ வலி தொடங்கிய பிறகு நேர்பவை. நேரத்துக்குக் கவனித்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். இந்த விகிதத்தை 2030க்குள் ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கமாகக் குறைப்பதாக 2014இல் இந்தியா ஒரு செயல்திட்டம் வகுத்தது. எழுதாவிட்டால் எதைக் குறைப்பது? பெரியம்மா சொன்ன 'கலைஞ்சிருச்சு' எல்லா வீட்டிலும் சொல்லப்பட்டால், எந்த ஆஸ்பத்திரியில் என்ன தவறியது என்று யாரும் தேடப் போவதில்லை.

ஆனாலும் எண்ணுவதற்காக எழுதிய படிவம் எண்ணுவதற்குத்தான் தோதாக இருக்கிறது. அதில் இரண்டு பகுதி உண்டு. சட்டப் பகுதி பதிவாளரிடம் நிற்கும். புள்ளிவிவரப் பகுதியைப் பிரித்து மேலே அனுப்பிவிடுவார்கள். தாயின் ஊர், வயது, படிப்பு, எத்தனை வாரம், என்ன காரணம் எல்லாம் அந்த இரண்டாம் பகுதி. பதிவோ, பிரசவம் எங்கே நடந்ததோ அங்கே. ஆக முசிறிப் பிள்ளை திருச்சி மாநகராட்சி ஏட்டில் இருக்கிறாள். எங்கள் ஊர் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆகி, பதிவேடுகளெல்லாம் புதுப் பலகையின் கீழ் வந்துவிட்டன. அவற்றில் அவள் இல்லை.

விதிகளில் பிறப்புச் சான்றுக்குப் படிவம் 5 உண்டு, இறப்புச் சான்றுக்குப் படிவம் 6. இறந்து பிறந்ததற்குச் சான்று என்று ஒரு மாதிரி இல்லை. பதிவேட்டுக்குள் போகலாம், வெளியே வர வழியில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் முதல் மாதங்களிலேயே நர்ஸம்மா ஒரு 12 இலக்க எண் வாங்கித் தருகிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது. அரசுக்கு இந்தக் குழந்தை திடீரென்று தெரியவந்தது அல்ல, மாதக்கணக்கில் தெரியும்.

தங்கையின் பள்ளிக்கூடத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோது, இது கருச்சிதைவா பிரசவமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஒன்றுக்கு ஆறு வாரம், மற்றதற்கு முழு மகப்பேறு விடுப்பு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் எழுதியவர்கள் குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்தி என்று மூன்றாம் பிரிவிலேயே போட்டுவைத்தார்கள். 26ஆம் வாரம் முடியும்வரைதான் கருச்சிதைவு. பதிவுச் சட்டத்துக்கோ 28. இடையில் போகும் பிள்ளை ஒரு சட்டத்துக்குக் குழந்தை, இன்னொன்றுக்குக் கணக்கிலேயே இல்லை. மத்திய அரசு 2022 செப்டம்பரில் தன் பெண் ஊழியர்களுக்கு இத்தகைய இழப்புக்கென்று 60 நாள் சிறப்பு விடுப்பு அறிவித்தபோதும் 28 வாரத்தையே எல்லையாக வைத்தது.

எங்கள் அப்பாயிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருந்ததில்லை. யார் கேட்டாலும், "பெத்தது ஏழு, நின்னது நாலு" என்பார். நிற்காத மூன்றில் ஒன்று உயிரில்லாமல் பிறந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாயி அதைத் தனியாகப் பிரித்துச் சொன்னதில்லை. இன்றைக்கு அப்படிச் சொன்னால் கேட்டவர் முகம் மாறிப்போகிறது. குழந்தைச் சாவு அரிதானது நல்லதுதான். அரிதானதோடு, அதைச் சொல்லும் வழக்கமும் போய்விட்டது.

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றின் 74ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறையுடையது. சோழனின் சிறையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பெற நேர்ந்த அவமானத்தைச் சொல்ல வருகிறவன், தன் குலத்து வழக்கத்தில் தொடங்குகிறான். குழந்தை இறந்தாலும், வெறும் தசைப் பிண்டமாகவே பிறந்தாலும், அதை ஆள் இல்லை என்று விட்டுவிட மாட்டார்களாம். வாளால் கீறித்தான் அடக்குவார்களாம். போரில் விழுந்தவனுக்குரிய மரியாதை. அந்த வாள் எனக்கு வேண்டாம். வாள்பட்டுத்தான் ஒரு பிள்ளை ஆளாக வேண்டும் என்றால் அது என்ன குலமோ! ஆனால் மூச்சுவிடாத பிள்ளையும் ஆள்தான் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், சென்னை புளியந்தோப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. சரியான நேரத்தில் உதவி கிடைக்கவில்லை. இறந்து பிறந்த குழந்தையின் உடலைச் சில நாள் கழித்து அட்டைப் பெட்டியில் வைத்துத் தகப்பனிடம் கொடுத்தார்கள். ஊரே கொதித்தது, பிணவறை ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கோபம் சரியானதே. அட்டைப் பெட்டியைப் படம் பிடிக்க முடிந்தது. பெயருக்குக் கட்டம் இல்லாத படிவத்தை யார் படம் பிடிப்பார்கள்?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: கேட்பவர்களுக்கு ஒரு சான்று, விரும்புகிறவர்கள் பெயர் எழுத ஓர் இடம். ஜெர்மனியில் 2013 முதல், 500 கிராமுக்குக் குறைந்த எடையில் இறந்து பிறந்த குழந்தைக்கும் பெற்றோர் கேட்டால் பெயரோடு சான்று கிடைக்கிறது. அயர்லாந்தில் 1995இல் இறந்து பிறந்தவர்களுக்குப் பதிவேடு திறந்தபோது, அதற்கு முந்தைய பிள்ளைகளையும் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். காகிதம் யார் துக்கத்தையும் ஆற்றாது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். ஆற்றாதுதான். திருமணச் சான்றிதழ் மட்டும் குடும்பம் நடத்துகிறதா என்ன?

அவர் சொன்ன இன்னொன்றுக்கு மட்டும் என்னிடம் சட்டென்று பதிலில்லை. மறக்க நினைக்கும் பெண்ணின் கையில் இப்படி ஒரு காகிதத்தைத் திணிப்பது கொடுமை இல்லையா என்றார். அதனால்தான் 'கேட்பவர்களுக்கு' என்று முன்பே எழுதினேன். எந்தப் பெண் எப்போது கேட்பாள் என்பது மாமனோ மாமியாரோ முடிவு செய்கிற விஷயமும் இல்லை.

சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடித்தரச் சொல்லும் உரிமையை யாருக்கும் தருகிறது. பிறப்பு என்பதில் இறந்து பிறப்பதும் அடக்கம் என்று அதே சட்டம் சொல்வதால், நகல் கேட்டு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.

"வாங்கி என்னண்ணே பண்றது?"

"வீட்டுல இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இப்ப வேணாம். தோணுறப்ப நானே போய்க் கேக்குறேன்," என்றாள். தேடச் சொல்வதற்குச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. பிறந்த தேதியையும், எந்த அலுவலகம் என்பதையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.