தட்டிப் பார்த்தவன்

ஒருவனை நம் மனத்துக்குள் திருடன் என்று தீர்மானித்துவிடுகிறோம். அவனுக்கு அது தெரியாது. பின்னால் அவன் யோக்கியன் என்று தெரியவருகிறது. அப்போது அவனிடம் மன்னிப்புக் கேட்கும் கடமை நமக்கு உண்டா? கேட்டால், இல்லாத புண்ணை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். கேட்காவிட்டால்?

மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய ஒரு வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் ஒரு பழைய அம்பாஸடர் இருக்கிறது. உத்தர்பாராவில் 2014-இல் அந்தக் காரைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்; நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை.

மெக்கானிக் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் விளக்கைப் போடச் சொன்னான்; நன்றாகவே எரிந்தது. பாட்டரியில் குற்றமில்லை. பிறகு குனிந்து, ஸ்பானரால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "இப்ப சாவியப் போடுங்க சார்" என்றான். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பிரஷ் தேஞ்சுபோச்சு சார். மோட்டாரைக் கழட்டித்தான் மாத்தணும்." கூலியையும் சொன்னான்.

தட்டினால் ஓடுகிற ஒன்றை எதற்குக் கழற்றவேண்டும்? வெளியூர்க்காரன், விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிட்டான் போலும். "யோசித்துச் சொல்கிறேனப்பா" என்று அனுப்பிவிட்டேன். டாக்டர் என் மார்பில் இதேபோல இரண்டு தட்டுத் தட்டிச் சீட்டு எழுதினால், நான் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைக்கிறவன். கையில் கரி இருந்தால்தான் நமக்குச் சந்தேகம் வருகிறது.

மறுநாள் நானே காரியத்தில் இறங்கினேன். பாட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றினேன். அதை மறந்து ஸ்பானரை எங்காவது உரசினால் தீப்பொறி பறக்கும். பிறகு மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர், பிறகு இரண்டு போல்ட். உப்புக் காற்றில் அவை இறுகிப்போய், மண்ணெண்ணெய் விட்டு அரைநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கனமான அந்த உருளை கடைசியில் கைக்கு வந்தது. பின்மூடியைத் திறந்தேன். நான்கு கரித்துண்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு நகத்துண்டுகள்! சுழலும் செம்பு வளையத்தை அவை எட்டவே இல்லை. தட்டும்போது அதிர்ச்சியில் கொஞ்சம் நகர்ந்து தொட்டிருக்கின்றன, மோட்டார் சுழன்றிருக்கிறது. ஒரு சொல்கூட அவன் கூட்டிச் சொல்லவில்லை.

முற்காலத்தில் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார மோட்டார் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்தப் பயம் குறையத் தொடங்கியது. எத்தனையோ கைகளைக் காத்த யந்திரம் என் மடியில் கிடந்தது. நானோ ஒருவனுடைய நாணயத்தைச் சோதிக்க அதைப் பிரித்துப்போட்டிருந்தேன்.

'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராய்ந்துதான் நம்பவேண்டும், சரி. ஆனால் நான் ஆராயவா செய்தேன்? தீர்ப்பை எழுதிவிட்டல்லவா சாட்சி தேடினேன்!

திண்டிவனம் போய்ப் புதிய பிரஷ்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்து, மோட்டாரைப் பூட்டினேன். செல்ஃப் எடுத்தது, கொஞ்சம் சோம்பலாகத்தான்.

நாலு நாள் கழித்து டீக்கடையில் அவனைப் பார்த்தேன்.

"நீங்களே கழட்டி மாட்டினீங்களாமே சார்!" என்றான். குரலில் கேலி இல்லை, மெய்யான சந்தோஷம். "எர்த் ஒயரைச் சுரண்டிப் போட்டீங்களா? இங்க உப்புக் காத்து சார், பூத்துப்போயிடும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. தம்ளரை வைத்துவிட்டுக் காரின் மூடியைத் திறந்தான். சட்டைப்பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்து, ஒயர் முனையில் படிந்திருந்த பச்சையைத் தேய்த்து நீக்கினான். நட்டை இறுக்கினான். பணத்தை நீட்டினேன். "இதுக்கெல்லாமா சார்?" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவனுடைய டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.