இரண்டாவது துணிவு

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். மனிதர்கள் அண்டுகிறார்கள். தம்மை வீழ்த்திய இடத்துக்கே, தம் வீட்டில் ஒருவரை முடக்கிப்போட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறார்கள். அது மனவுறுதியா, வெறும் பிடிவாதமா? சாயா சகாகிபாராவின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

சாயா ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பி.எம்.எக்ஸ் சைக்கிள் பந்தய வீராங்கனை. தாய் ஜப்பானியர், தந்தை பிரிட்டனைச் சேர்ந்தவர். அண்ணன் கய் ஓட்டியதைப் பார்த்து நான்கு வயதிலேயே இந்தச் சைக்கிளில் ஏறியவர். அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒன்றாக நாடு நாடாகப் போய்ப் போட்டியிட்டவர்கள். 2020 டோக்கியோ ஒலிம்பிக்தான் இருவரின் இலக்கும்.

இந்த விளையாட்டின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் கதை முழுதாகப் புரியும். ஒலிம்பிக் ஓடுதளத்தில் எட்டுப் பேர், எட்டு மீட்டர் உயர மேட்டின் உச்சியில் வரிசையாக நிற்பார்கள். முன்சக்கரம் தொடக்கக் கதவில் அழுந்தியிருக்கும். இரண்டு பாதங்களும் பெடலில். தரையில் கால் படாது. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று எச்சரிக்கும். அதன்பின் கதவு எந்தக் கணத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி மாறும். ஊகித்து முந்தினால் கதவிலேயே மோத வேண்டியதுதான். கதவு விழுந்த சில நொடிகளில் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கும். 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர், பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக். மண்மேடுகளைத் தாவிக் கடந்து, தோளோடு தோள் உரச வளைவுகளில் திரும்பி, ஏறக்குறைய 40 நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் வருபவர் தடுமாறினால் நாமும் விழுவோம். எவ்வளவு திறமை இருந்தாலும் அதிலிருந்து முழுக் காப்பு கிடையாது.

2020 பிப்ரவரியில் பாத்தர்ஸ்ட் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் கய் விழுந்தார். மூளையில் கடுமையான காயம். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் நினைவின்றிக் கிடந்தார். கண் விழித்தபின் பேசவும் நடக்கவும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தங்கை பந்தயத்தை விடவில்லை. பெருந்தொற்றால் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல் களமிறங்கினார். அரையிறுதியில் அமெரிக்காவின் அலிஸ் வில்லோபியோடு மோதி விழுந்தார். ஓடுதளத்திலிருந்து அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள்.

அலிஸும் அதே சுமையோடு வந்தவர்தான். அவர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அடுத்த மாதமே, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சாம் வில்லோபி பயிற்சியின்போது விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. மார்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. சாமும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் வெள்ளி வென்றவர். விபத்துக்கு மறு ஆண்டே அலிஸ் உலகப் பட்டம் வென்றார். அப்போது அவருக்குப் பயிற்சியாளர் சக்கர நாற்காலியில் இருந்த சாம். விழுவதன் விலையைத் தம் வீட்டிலேயே பார்த்திருந்த இரு பெண்கள், டோக்கியோவில் ஒருவரோடு ஒருவர் மோதி விழுந்தார்கள்.

துணிவு இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, ஆபத்தை அறியாதபோது தானாக அமைவது. நான்கு வயதுக் குழந்தை மேட்டிலிருந்து இறங்கும் துணிவு அது. அதில் அழகு உண்டு, ஆனால் அதற்காக அந்தக் குழந்தை எதையும் கொடுக்கவில்லை. இரண்டாவது, எல்லாம் தெரிந்த பிறகு நாமே தேடிக்கொள்ள வேண்டியது. அண்ணன் நினைவின்றிக் கிடந்ததைப் பார்த்த பிறகு அதே மேட்டில் ஏறி நிற்பவருக்கு முதல் துணிவு இனி ஒருநாளும் திரும்பாது. அவரிடம் இருப்பது பயம். அந்தப் பயம் பொய்யும் அல்ல, பட்டறிந்த உண்மை. அதை மறுக்காமல் பெடலில் கால் வைப்பதுதான் இரண்டாவது துணிவு.

பயம் விலகட்டும், பிறகு தொடங்கலாம் என்று நம்மில் பலர் காத்திருக்கிறோம். விபத்துக்குப் பின் வண்டியை எடுக்காதவர்கள், தொழிலில் நொடித்தபின் வேறெதிலும் கைவைக்காதவர்கள், ஒரு முறிவுக்குப் பின் யாரையும் நம்பாதவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பயம் தானாக விலகுவதில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

சாயாவுக்கும் அது ஒரே தாவலில் வாய்க்கவில்லை. 2022-இல் மறுபடி தலையில் அடிபட்டு, விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்குப் போனார். அதன்பின் 2023-இலும் 2024-இலும் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். 2024 ஆகஸ்ட் 2 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் அவருடையதானது. பார்வையாளர் வரிசையில் அண்ணன் இருந்தார்.

ஒருவேளை அவர் தோற்றிருந்தால்? இந்தக் கதையைத் தங்கத்தோடு முடிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எட்டாவதாக வந்திருந்தாலும் மேட்டின் உச்சியில் நின்ற அந்தக் கணத்தின் மதிப்பு குறைந்திருக்காது. அவர் 2022-இலேயே விலகியிருந்தாலும் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கய் பந்தயத்துக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வோர் அடியாகத் தன்னை மீட்டு, பிறகு துடுப்புப் படகில் ஏறினார். சாம், தான் ஓட்ட முடியாத பந்தயத்தைப் பிறருக்குக் கற்றுத்தருகிறார். திரும்பி வருவது, திசை மாறுவது, பக்கத்தில் நிற்பது ஆகிய மூன்றும் ஒரே துணிவின் வடிவங்கள்தான். மூன்றில் ஒன்றுக்குத்தான் பதக்கம் கிடைக்கிறது.

ஆகவே, அடிபட்டு எழுந்த ஒருவரிடம் "இன்னுமா உனக்குப் புத்தி வரவில்லை?" என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும். "விடாதே, போராடு" என்று பின்னாலிருந்து தள்ளுவதையும் நிறுத்த வேண்டும். போவதன் விலை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எதற்காகப் போகிறோம் என்பதும் அவருக்குத் தெளிவாக இருந்தால் நாம் செய்யவேண்டியது வழிவிடுவது. அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை என்றால், அது வரும்வரை அவசரப்படுத்தாமல் கூட இருப்பது.