இரைச்சலை அடக்க உன் கை போதும்

தம்பி, ஆம்ப்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழுகிறதே, அதைச் சகித்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் கிட்டார் வாசிக்கப் போகிறாய்? நல்ல பெடல் வாங்கப் பணமில்லை, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை என்று காரணம் அடுக்காதே. சால்டரிங் அயர்னைக் கையில் எடு!

எதிராளி யாரென்று முதலில் தெரிந்துகொள். நம் வீட்டு ஒயர்களில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக்கினார். ரீங்காரம் தன்னைத் தானே அடித்துக்கொண்டு மடிந்தது. கம்பியின் நாதம் இரட்டித்தது. 1959இல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் ஹம்பக்கர்.

ஆனால் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் ஹம்பக்கரிலும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கிளம்பும். அங்கேதான் நீ கட்டப்போகும் நாய்ஸ் கேட் வேண்டும். சிக்னலை இரண்டாகப் பிரி. ஒன்றை டயோடுகள் வழியே டிசி வோல்ட்டேஜாக மாற்று. அது நீ வைத்த அளவைத் தாண்டினால் ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டர் மற்றொன்றுக்குக் கதவைத் திறக்கும், தாண்டாவிட்டால் மூடும். இதில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு: சிக்னலின் அளவைக் கேட்கும் காதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வை, கதவை அதற்குப் பின்னால் வை. கிட்டாரின் சுத்தமான சிக்னலில்தான் நாதம் எது, இரைச்சல் எது என்று பளிச்சென்று தெரியும்.

என் முதல் போர்டு தோற்றது. இழுத்து வாசித்த சுரத்தின் வாலை 'டக்'கென்று வெட்டியது. இரண்டு நாள் துவண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் கணக்குப் போட்டேன்: 220 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்றால், கதவு மூடும் கால அளவு 22 மில்லி செகண்ட்தான்! கெப்பாசிட்டரை 1 மைக்ரோ ஃபாரடாக்கினேன், 220 ஆனது. தப்பு என் தலையெழுத்தில் இல்லை, ஒரே ஒரு கெப்பாசிட்டரில் இருந்தது. கடையில் அது சில்லறைக் காசு.

அப்புறமும் ரீங்காரம் போகவில்லை. அலுமினியப் பெட்டிக்கு ஆசையாகப் பெயின்ட் அடித்திருந்தேன். ஜாக்கின் கிரவுண்டு உலோகத்தைத் தொடவே இல்லை. உப்புத்தாளால் ஜாக் துளையைச் சுற்றித் தேய்த்தேன். வெள்ளை உலோகம் தெரிந்தது.

உன் போர்டும் முதல் தடவை தோற்கும். தோற்கட்டும்! மல்டிமீட்டரை வை, ஒவ்வொரு புள்ளியாக அள, தப்பைப் பிடி. போர்டுக்கு ஒன்பது வோல்ட்டை மறுபடி கொடு, கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடு. நாதம் மெல்லத் தேயும். அப்புறம் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும்.