பின்னிணைப்பில் இல்லாத பெயர்

முதுகலை ஆய்வேட்டைத் திறந்தால் முதலில் தலைப்புப் பக்கம். அடுத்து நெறியாளர் சான்றிதழ். அதற்கடுத்து ஆய்வாளர் உறுதிமொழி. இந்த ஆய்வேடு என் சொந்த முயற்சியில் உருவானது, இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்துக்காகவும் அளிக்கப்படவில்லை என்று எழுதி, இடமும் நாளும் போட்டு, கீழே கையெழுத்து. 2003இல் நானும் போட்டேன். டி.டி.பி. சென்டரில் முந்தைய வருடத்து அக்கா ஒருவரின் பக்கத்தை எடுத்து, பெயரையும் தலைப்பையும் மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுத்தார்கள். இன்னொருத்தியின் வாசகத்தை வரி மாறாமல் எடுத்துக்கொண்டு, என் எழுத்து எனக்கே சொந்தம் என்று உறுதி சொன்னேன். அப்போது அதில் சிரிக்க ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

என் தலைப்பு, வத்திராயிருப்பு வட்டாரப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள். (போர்டில் வத்திராயிருப்பு, கண்டக்டர் வாயில் வத்றாப்பு. ஆய்வேட்டில் போர்டில் இருப்பதுதான் செல்லும்.) சொந்த ஊர் என்பதால் களப்பணிக்குச் செலவில்லை. சதுரகிரிக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் பஸ்ஸை அடைக்காத நாளாகப் பார்த்து வந்தால் போதும்.

ஒப்பாரி சேகரிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சாவு விழாத வீட்டில் அதைப் பாட மாட்டார்கள். என் அப்பத்தாவின் சேக்காளி ஒருவர் இருந்தார். மேலத்தெரு அப்பத்தா என்றுதான் கூப்பிடுவேன். டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போனபோது, "வீட்டுல வேணாந்தாயி, கம்மாக் கரைக்கு வா" என்றார். கண்மாய்க் கரையில் பனைமரத்து நிழலில் உட்கார்ந்து, முதலில் கூச்சத்தோடும் பிறகு என்னை மறந்தும் பாடினார். செத்துப்போன அப்பாவிடம் முறையிடுகிற பாட்டு. தென்னந்தோப்பு மொத்தமும் தம்பிக்குப் போனதையும், தனக்கு ஒரு பித்தளைக் குடத்தோடு கணக்கு முடிந்ததையும் அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பியை எப்படி வைதார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1989இல். அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை என்றும் அந்தத் திருத்தமே சொன்னது. மேலத்தெரு அப்பத்தாவுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு நெடுங்காலம் முன்பு. கோர்ட்டில் சொல்ல வழியில்லாததைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே இடம் ஒப்பாரி. அங்கே யாரும் குறுக்கே பேச முடியாது. பிணம் கிடக்கிற வீட்டில் தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாடி முடித்துவிட்டு, "ஏந்தாயி, இத யாரு படிப்பா?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். அந்தத் தம்பியின் மகளைத்தான் அவருடைய மகன் கட்டியிருந்தார். "எம்பேரப் போட்டா மகன் வைவான்" என்றார். நான் உடனே, "போட மாட்டேன் அப்பத்தா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. கைநாட்டும் இல்லை. ஒருவர் சொன்னது, ஒருவர் கேட்டது, அவ்வளவுதான் அந்த ஒப்பந்தம்.

தட்டச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் இன்னொரு விதி வந்து நின்றது. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் கட்டாயம் வேண்டும். பெயர், வயது, கல்வி, சாதி, தொழில், ஊர் எல்லாம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நானே உட்கார்ந்து எழுதிய பாட்டு என்று புறத்தேர்வாளர் சொல்லிவிடக்கூடும். விதியில் நியாயமும் இருக்கிறது. கேட்டது யாரிடம் என்று சொல்லாத ஆய்வை எதை வைத்து நம்புவது? இரண்டு நாள் தவித்தேன். பிறகு அந்தப் பதினோரு பாடல்களையும் என் சொந்த அப்பத்தாவின் பெயரில் போட்டேன். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செத்தவரை யாரும் வையப்போவதில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பாடல்களை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "உங்க அப்பத்தா பெரிய கவிஞரம்மா" என்றார். என் அப்பத்தாவுக்குத் தாலாட்டுகூட ஒழுங்காக வராது.

பைண்ட் செய்த பிரதியை மேலத்தெரு அப்பத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேரனைக் கூப்பிட்டுப் பட்டியலை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். பேரன் முடித்ததும், "எம்பேரு எங்க?" என்றார். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றேன். "போட்டா வைவான்னுதான சொன்னேன். போடாதன்னா சொன்னேன்? அவன் வையாத நாளு எது?"

இருபது வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறேன். வாக்கைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னேன் என்றால் அதற்காவது ஒரு கௌரவம் இருக்கும். நான் காப்பாற்றியது என் வாக்கை. அவர் கேட்டது அது இல்லை. என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அவர் வாய்விட்டு எண்ணிப் பார்த்தார். விலை அதிகம் என்று நானே முடிவு செய்து, அவர் சார்பில் பின்வாங்கிவிட்டேன். 'பாவம், வயசானவர், வீட்டில் பிரச்சினை வரும்' என்று நினைத்தேன். பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று அண்ணன்மார்கள் செய்வதும் இதைத்தான்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆய்வேடுகளுக்கு நெறியாளராக நானும் கையெழுத்துப் போடுகிறேன். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. முதுகலைப் பட்டத்துக்குத் தருகிற ஆய்வேடும் அதற்குள் வரும். மாணவி உறுதிமொழி தர வேண்டும், நெறியாளர் சான்று தர வேண்டும். ஒப்புமை பத்து சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருப்பித் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. தற்செயலாக ஒத்துப்போகிற சொற்கள் தொடர்ந்து பதினான்கு வரை இருந்தால் பரவாயில்லை என்றுகூட எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தவர் உழைப்பையோ கருத்தையோ தனது என்று காட்டிக்கொள்வதுதான் திருட்டு என்கிறது அந்த விதி. நல்ல வரையறை. ஆனால் சோதிப்பது மென்பொருள். ஏற்கெனவே கணினிக்குள் ஏறியதைத்தான் அது அறியும். கண்மாய்க் கரையில் ஒரு கிழவி பாடியதை அப்படியே ஐம்பது பக்கம் எழுதிக் கொடுத்தாலும் ஒப்புமை பூஜ்யம் என்று வரும். அதே பாட்டை அடுத்த வருடம் இன்னொரு மாணவி அதே கிழவியிடம் நேரில் கேட்டு எழுதினால், முதல் மாணவியிடமிருந்து திருடியதாகக் காட்டவும் கூடும். அச்சேறாத சொல்லுக்கு உடையவர் இல்லை, முதலில் அச்சேற்றியவரே உடையவர் என்றாகிறது. தரிசு நிலத்துக்குப் பட்டா போடுகிற கணக்குதான் இது. நம் ஊரில் அச்சேறாத சொல்லில் பெரும்பகுதி யார் வாயில் இருக்கிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை, ஒப்புமைச் சோதனையில் நன்றியுரையைச் சேர்க்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்தக் கிழவிகளின் பெயர் தப்பித்தவறி வருவதானால் அங்கேதான் வரும்.

நாட்டுப்புறப் பாடல் பொதுச்சொத்து, அதில் ஒருத்தியின் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாலாட்டிலும் கும்மியிலும் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் இடமுண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பாரியில் சட்டகம்தான் பொது. உள்ளே கிடத்துகிற பிணம் அவளுடையது. தோப்பு அவள் அப்பாவுடையது. எதை முதலில் சொல்வது, எதை முழுங்குவது என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தவளும் அவளே. பேராசிரியர் நா. வானமாமலை 1960களில் தொகுத்த நாட்டுப் பாடல்களின் கீழே பல இடங்களில் 'உதவியவர்', 'சேகரித்தவர்', 'இடம்' என்று தனித்தனியாகக் குறித்திருப்பார். அந்த நேர்மை எனக்கு இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாட்டு வந்த வாய்க்கு 'உதவியவர்' என்ற சொல் போதுமா? எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒருத்தி ஆயிரம் வருடத்துக்கு முன்னால், அப்பா பெயரோடு சேர்த்தாவது, தன் பெயரைப் பாசுரத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாள். பின்னிணைப்பை அவள் நம்பவில்லை.

எதிர்ப்பக்கம் இருப்பவளையும் பார்க்க வேண்டும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். எம்.ஃபில். 2022 விதிகளோடு போய்விட்டது. முனைவர் பட்டம் வரை போகிறவர் ஒன்றிரண்டு பேர். மற்றவர்களுக்கு இந்த முதுகலை ஆய்வேடுதான் தன் பெயர் அச்சான ஒரே புத்தகம். அதை வைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருப்பார்கள். தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் அம்மா கம்மலை அடகு வைத்திருப்பாள். அந்தப் பிள்ளையிடம் போய், 'சொந்த முயற்சி' என்று எழுதாதே, இது உன்னுடையது இல்லை என்று எந்த வாயால் சொல்வது? வெயிலில் அலைந்ததும், கேட்டதும், எழுத்துக்கூட்டி எழுதியதும் அவள் முயற்சிதான். அந்தப் படிவத்தில் உள்ள குறை, ஒரு கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பது.

மருத்துவ ஆய்வுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் சம்மதப் படிவம் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டும். ஒருத்தியின் துக்கத்தை எடுத்து வருவதற்கு எங்கள் துறையில் ஒரு காகிதமும் இல்லை. இருந்திருந்தால் மட்டும் நான் சரியாக நடந்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். 'பெயர் வேண்டாம்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டு, அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியிருப்பேன்.

அதனால் என் மாணவிகளிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன். தட்டச்சான பக்கங்களை எடுத்துக்கொண்டு போய், பாடியவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு வா. பெயரை எப்படிப் போடுவது என்று அப்போது கேள், முன்னாலேயே கேட்காதே. இதனால் தாமதம் ஆகிறது. ஒரு பிள்ளைக்கு ஆறு பாட்டு போய்விட்டது. வாசித்துக் கேட்டதும் அந்த அம்மா, "இது வெளிய போக வேணாம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை என் அறையில் உட்கார்ந்து அழுதது. சமர்ப்பிக்கப் பத்து நாள்தான் இருந்தது. நானும் அந்த ஆறு பாட்டையும் வாசித்திருந்தேன். ஆய்வேட்டிலேயே நல்லவை அவைதான். எடுத்துவிடச் சொன்னேன்.

கூமாபட்டிப் பக்கத்திலிருந்து இன்னொரு பிள்ளை போன வருடம் பட்டியலோடு வந்தாள். படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாட்டுச் சொன்னவர் எண்பது வயதுக்காரர். எங்கப்பன் பேரும் வேணாம், புருசன் பேரும் வேணாம், எங்கம்மா பேரப் போட்டு அவ மகன்னு போடு, அவதான் எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவ என்றிருக்கிறார். "கட்டத்துல அப்படிப் போடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். தலைப்பை அடித்துவிட்டுப் போடு என்றேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன்.