தீயேந்திய திருக்கரம்

பத்தடி உயரம்! பஞ்சலோகம் உருகிப் பரம்பொருளாய் நிமிர்ந்து நிற்கும் நெய்வேலி நடராஜர் சந்நிதியில், திருவடியில் தொடங்கிய என் பார்வை திருமுடியைத் தொடுமுன்பே கண்கள் நிறைந்து வழிந்துவிட்டன. என்ன பேரழகு! என்ன பெருங்கருணை!

உடுக்கையேந்திய வலக்கரம் உலகங்களைப் பிறப்பிக்கிறது. அனலேந்திய இடக்கரம் அவற்றை ஒடுக்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே புன்னகையின் இருமருங்கிலும், ஒன்றுக்கொன்று தாழாமல்! குறைகளை எழுதிப் பெட்டியில் இட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டுப் போவது இத்தலத்து அடியார் வழக்கம். அம்மா நோயில் கிடந்தபோது பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஓடிவந்து நானும் எழுதினேன். அந்த மனு கேட்டதென்ன? அனலேந்திய கையை இறக்கிவிடு என்பதன்றி வேறென்ன!

அம்மா போய்விட்டாள். ஐயன் கை இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஆனந்தத் தாண்டவம் ஏது? உடுக்கை யாருக்காக ஒலிக்கும்? எந்தத் தாயின் மடி நிறையும்?

நான் பிறந்த மண்ணே இதைச் சொல்கிறதே! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தழைத்து, பூத்து, சாய்ந்து, சேற்றில் அமிழ்ந்து, மணலும் களிமண்ணும் மேலே அழுத்த அழுத்தக் கறுத்துக் கிடந்த வனங்கள் அல்லவா இந்த நெய்வேலி நிலக்கரி! 1935இல் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய துகளாய் வெளிப்பட்டன. 1962இல் அனல்மின் நிலையத்து உலையில் எரிந்து மின்னொளியாயின. அம்மாவின் முகத்தைக் கடைசியாக நான் கண்டதும் அந்த வனங்கள் எரிந்து தந்த வெளிச்சத்தில்தான். ஆகா, ஐயன் கையிலுள்ள தீ எத்தனை விளக்குகளாய் எங்கள் தெருவில் நின்றிருக்கிறது! அறியாமல் அதனடியில்தானே விளையாடினேன், படித்தேன், அழுதேன்!

அஞ்சேல் என்கிறது ஒரு கரம். தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது மற்றொரு கரம். உலைநீரில் இட்ட உப்பாய்க் கரைந்தேன். நான் எங்கே? என் துக்கம் எங்கே? எல்லாம் அவன், எல்லாம் அவன்! இம்முறை தாளில் அம்மாவின் பெயரை மட்டும் எழுதினேன். கீழே, “உன்னிடம் இருக்கிறாள்” என்றேன். மணியை ஓங்கி அடித்தேன்.

என் முறை வரும், சுவாமி. வரட்டும்! இந்த எலும்பும் தசையும் உன் அனலுக்கு உரியவை, எடுத்துக்கொள். அதுவரை கண்குளிரக் காண்பேன். ஆடு, ஐயனே, ஆடு!