இடைவெளி அறிதல்: பழக்கமும் பொறுப்பும்

சிந்தித்துச் செய்த செயலுக்கே மனிதன் பொறுப்பாளி என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். அங்ஙனமாயின், சிந்திக்க நேரமின்றிக் கை தானாகவே செய்துவிடும் செயலுக்குப் பொறுப்பாளி யார்? அத்தகைய செயலிற் சிறந்தவனைப் புகழவோ, தவறியவனை இகழவோ நியாயம் உண்டா? அறவியல் சார்ந்த இவ்வினாவை இருவர் எதிர்நின்று பொரும் விளையாட்டுகளைக் கொண்டு ஆராய்தல் பொருத்தமுடையது. ஏனெனில், எதிரிக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணப்பொழுதில் உணரும் ஆற்றலே அவற்றில் வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

உடப்புசல்லாவை முதலிய மலையகத் தேயிலைப் பிரதேசங்களிற் குடியேறிய தென்னிந்தியத் தொழிலாளர், தம் வழிபாட்டையும் கூத்தையும் போலவே சிலம்பத்தையும் உடன்கொண்டு வந்தனர். தோட்டக் கோயில் திருவிழாக்களில் இடம்பெற்று வந்த அவ்வாட்டத்திற் கம்பு ஏறத்தாழ ஆடுவோனின் நெற்றியளவு உயரமுடையது. கம்பின் நீளம், கையின் நீளம், முன்வைக்கும் ஓரடி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒருவனின் எட்டும் எல்லை. அதற்கு ஒரு சாண் வெளியே நிற்பவன் காவலோடு நிற்கின்றான். எதிரியின் வீச்சு வெறுங்காற்றிற் கழிந்ததும் உள்ளே புகுகின்றான். ஒரு சாண் உள்ளே நின்றவனோ அடிபடுகின்றான்.

இன்றைய இளைஞர் ஆடும் மின்திரைச் சண்டை விளையாட்டுகளும் இதற்குச் சான்று பகர்வன. டெக்கென் எனும் ஆட்டத்திற் திரை வினாடிக்கு 60 படங்களைக் காட்டுகின்றது. விரைவான குத்து 10 படங்களுள், அதாவது வினாடியின் ஆறிலொரு பங்கிற்குள், வந்து சேரும். கண்ணாற் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கேனும் தேவை. ஆகவே கண்டபின் தடுத்தல் அரிது. நிற்கும் இடமே காவல். 2019 ஆம் ஆண்டில் யப்பானிலும் லாஸ் வேகாசிலும் நடந்த ஈவோ போட்டிகள் இரண்டிலும் டெக்கென் 7 ஆட்டத்தில் முதலிடம் பெற்றவர் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ். அதற்கு முன் உலகம் பெரிதும் கவனியாத உள்ளூர்க் களங்களிலேயே அவர் பயின்றிருந்தார்.

இவ்வுணர்வு பிறவிக் கொடையன்று. சிலம்பம் கற்பவன் கம்புச் சுற்றோடு சுவடு வைத்தலையும், தனக்குரிய நிலப்பரப்பைக் காலாற் காக்கும் 'வீடு கட்டுத'லையும் பயில வேண்டும். தொடக்கத்தில் அவன் அடிகளை எண்ணுகின்றான், கம்பின் நுனியையே பார்க்கின்றான், பலமுறை அடிபடுகின்றான். உடலின் எவ்விடத்தில் அடிபட்டது என்பதை மட்டும் நினைப்பவன் அஞ்சப் பழகுகின்றான். எவ்வளவு தூரத்தில் நின்றபோது அடிபட்டது என்பதைக் கருதுபவனே ஆடப் பழகுகின்றான். நாளடைவில் எண்ணிக்கை மறைகின்றது. அளவு மட்டும் உடலில் எஞ்சுகின்றது.

இது வெறும் இயந்திரப் பழக்கமே என்று சிலர் மறுக்கலாம். கில்பேட் றைல் 1949 இல் வெளியிட்ட 'மனம் என்னும் கருத்து' எனப் பொருள்படும் நூலில், குருட்டுப் பழக்கத்தையும் பயிற்சியால் வரும் அறிவார்ந்த திறனையும் வேறுபடுத்தினார். பனி மூடிய பாறையில் நடக்கும் மலையேறியை அவர் உதாரணம் காட்டினார். மலையேறி விதிகளை ஓதிக்கொண்டு நடப்பதில்லை. எனினும் ஒவ்வோர் அடியிலும் விழிப்புடன் இருக்கின்றான். சமநிலத்திற் பயின்ற சிலம்பக்காரன், மழையில் நனைந்த மலைச்சரிவில் நிற்கும்போது தன் அளவை மாற்றிக்கொள்கின்றான். இயந்திரம் அவ்வாறு தானே திருத்திக்கொள்வதில்லை. ஆதலின் இது சொல்லிறந்த நிலையிலும் அறிவே.

அறிவாயின் பொறுப்பும் உண்டு. நற்பண்பு பழக்கத்தால் உருவாவது என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. எதிரியின் நெற்றிக்கு ஒரு விரற்கிடை அப்பாற் கம்பை நிறுத்த வல்லவன், அந்தக் கணத்தில் அறத்தை ஆராய்வதில்லை. ஆயினும் அந்த நிறுத்தம் அவனுடையதே. பல மாலைப் பொழுதுகளில் அவன் தேடிக்கொண்டது. தூரம் அறியாதவன் இரக்கமுடையவனாயினும் இரக்கங்காட்ட இயலாதவன். அவன் நெஞ்சம் விரும்பியதைக் கை நிறைவேற்றாது. அதே திறன் பிறரைத் துன்புறுத்தவும் பயன்படும் என்பது உண்மையே. வல்லவனின் பொறுப்பு அதனாற் கூடுமேயன்றிக் குறையாது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. தன் வலியையும் உரிய காலத்தையும் இடத்தையும் அறிதலை அரசியலுக்குரிய அறிவாகவே வள்ளுவர் கொண்டார்.

இம்முடிவு ஆடுகளத்தோடு நிற்பதன்று. உடப்புசல்லாவையின் மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் நொடியில் தேர்ந்து கிள்ளுகின்றன. செடிக்கும் கைக்கும் இடையிலுள்ள அளவை அவள் ஏட்டிற் படித்தவள் அல்லள். அவ்வேலையைத் திறன் வேண்டாத தொழில் எனக் கருதுவோர், சொல்லில் வராதது அறிவாகாது எனும் தவறான கொள்கையையே பின்பற்றுகின்றனர். அறிவு பேசும் வாயில் மட்டும் இருப்பதாகக் கொள்ளும் சமூகம், உழைக்கும் கைக்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் மறுப்பது எளிதாகின்றது. கை அறிந்ததை அறிவென ஒப்புக்கொள்ளுதலே கற்றோர் செய்யத்தக்க முதற்கடமையாகும்.